எஸ்ஓசி வடிவமைப்பின் அடிப்படை: எங்கிருந்து தொடங்குவது?

பற்றாசு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரில் கைப்பேசி திருத்தும் கடையொன்றில் ஐந்து ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படித்தேன். வெட்டுப்புள்ளிக்குச் சிறிதளவு குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கைப்பேசிப் பலகையிலிருந்து எஸ்ஓசி எனப்படும் (ஒரு முழு முறைமையும் அடங்கிய) முதன்மைச் சில்லைக் கழற்றும்போது, பல மொடல்களில் அதன் முதுகின்மேல் நினைவகச் சில்லு இரண்டாம் மாடிபோல அமர்ந்திருக்கும். வெப்பக்காற்றால் இரண்டையும் பிரித்து, ஈயக் குண்டுகளைப் புதிதாக இட்டுப் பொருத்தி, கைப்பேசி மீண்டும் ஒளிர்ந்ததும் வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போய்விடுகிறார். எனக்கோ அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது இன்றுவரை தெரியாது. எந்தப் புள்ளியில் எவ்வளவு மின்னழுத்தம் வர வேண்டும் என்பது மனப்பாடம். ஏன் அங்கே அது வர வேண்டும் என்று கேட்டால் விடையில்லை.

ஓராண்டாக இரவில் படிக்கிறேன். சி மொழியில் ஓரளவு எழுதுவேன். அர்டுயினோ என்னும் பயிற்சிப் பலகையில் சில வேலைகள் செய்திருக்கிறேன். தருக்கப் படலைகள், ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று), கூட்டிச் சுற்று ஆகியவை பாடசாலைக் காலத்திலிருந்தே நினைவில் உள்ளன. ஆனால் எஸ்ஓசி என்று தேடினால் கிடைப்பவை இரண்டே வகைதான். ஒன்று, "ஒரே சில்லில் புராசசர், நினைவகம், வரைகலை, மோடம் அனைத்தும் உண்டு" என்று நான்கு பெட்டிகள் கொண்ட படத்தோடு முடிந்துவிடும் கட்டுரை. மற்றது, முதல் பக்கத்திலேயே ஆளை மூழ்கடிக்கும் ஆயிரம் பக்க ஆவணம். இரண்டுக்கும் நடுவில் கால்வைக்க ஒரு படி தென்படவில்லை.

புராசசர் உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை முழுமையாகக் கற்றபின்தான் மற்றவற்றைத் தொட வேண்டுமா? புராசசர் வகைகளில் ஆர்ம் கற்பதா, ரிஸ்க்-ஃபைவ் கற்பதா? என்னிடம் இருப்பது 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்று மட்டுமே. எஃப்பிஜிஏ பலகை (நாம் வடிவமைக்கும் சுற்றாக மாற்றியமைக்கக்கூடிய சில்லுள்ள பலகை) வாங்க இப்போது வசதியில்லை. அதில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவகம் எழுதியது:

தம்பி, நானும் உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கொழும்பில் உட்பொதி முறைமைகளில் வேலை செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. எஸ்ஓசி ஒன்றை வடிவமைக்கும் பெரும்பாலான குழுக்கள் புராசசரைத் தாமே உருவாக்குவதில்லை. உரிமம் பெற்றோ திறந்த மூலத்திலிருந்தோ எடுத்து வைக்கின்றன. அவர்களுடைய நாட்கள் கழிவது அந்தப் புராசசருக்கும் மற்ற அலகுகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான்: எந்த முகவரி எங்கே போகும், இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் யார் காத்திருப்பது, எந்தப் பகுதி எந்தக் கடிகாரத்தில் (சுற்றை நடத்தும் சீரான மின்துடிப்பில்) ஓடும், எது எப்போது விழித்தெழும். நீங்கள் பார்த்த கட்டுரைகள் பெட்டிகளை வரைந்து, அவற்றுக்கு இடையே ஒரு கோட்டைப் போட்டு விட்டுவிடுகின்றன. கற்க வேண்டியது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

ஆகவே நான் சொல்லும் வழி இது: ஒரு உண்மையான சிறிய சில்லை எடுத்துக்கொண்டு, ஒரேயொரு எழுதும் கட்டளை புராசசரை விட்டுப் புறப்பட்டுச் சேருமிடத்தை அடையும் வரை அதன் பின்னாலேயே நடந்து செல்லுங்கள். அதற்கு றாஸ்பெரி பை 2021 இல் வெளியிட்ட ஆர்பி2040 சில்லைப் பரிந்துரைக்கிறேன். அதன் ஆவணம் அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும், இலவசமாகக் கிடைக்கும், பாட்டை பற்றிய அத்தியாயம் மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, இத்துறையில் அது அரிது. (அலகுகளுக்கு இடையே தரவைக் கொண்டுசெல்லும் கம்பித் தொகுதியை எல்லோரும் பஸ் என்கிறார்கள், பாடநூல்கள் பாட்டை என்கின்றன, நான் பாடநூலைப் பின்பற்றுகிறேன்.) அந்தச் சில்லில் இரண்டு கோர்டெக்ஸ்-எம்0 பிளஸ் புராசசர் கருக்களும், 264 கிலோபைட் நினைவகமும், புராசசரின் உதவியின்றித் தரவை நகர்த்தும், 12 தடங்கள் கொண்ட டிஎம்ஏ அலகும், 30 பொதுப் பயன்பாட்டு முனைகளும் உள்ளன. கைப்பேசிச் சில்லோடு ஒப்பிட்டால் இது ஒரு சிறு குடிசை; ஆனால் கூரை, சுவர், கதவு எல்லாம் உண்டு.

இப்போது புராசசர் ஒரு சொல்லை (நான்கு பைட் தரவை) எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை ஒன்றேதான், முகவரி மட்டும் மாறுகிறது. முகவரி, பதினறும எண்ணில், 20000000 இல் தொடங்கும் பகுதிக்குள் இருந்தால், அது கிராஸ்பார் எனப்படும் இணைப்புப் பின்னலைக் கடந்து நினைவகத்தை அடைகிறது. அந்தப் பின்னலில் கேட்பவர்களின் பக்கம் நான்கு வாயில்கள்: இரு கருக்களுக்கு ஒவ்வொன்று, டிஎம்ஏ படிக்க ஒன்று, எழுத ஒன்று. கொடுப்பவர்களின் பக்கம் பத்து வாயில்கள். வெவ்வேறு வாயிலுக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் தடுப்பதில்லை. ஒரே வாயிலுக்கு இருவர் வந்தால் மட்டும் ஒருவர் நிற்க வேண்டும்.

அதே கட்டளை 40034000 என்னும் முகவரிக்குச் சென்றால், அது யூஆர்ட் என்னும் தொடர்த் தொடர்பு அலகின் வீடு. அங்கே போக, கிராஸ்பாரைக் கடந்தபின் ஒரு பாலத்தையும் கடக்க வேண்டும். பாலத்துக்கு இப்பால் இருப்பது ஏஎச்பி-லைட் என்னும் வேகமான பாட்டை. அப்பால் இருப்பது ஏபிபி என்னும் எளிய, மெதுவான பாட்டை. இப்படிக் கடந்து எழுதுவதற்கு 4 கடிகாரத் துடிப்புகள் ஆகின்றன, படிப்பதற்கு 3. எழுதுவது ஏன் ஒரு துடிப்பு அதிகம் என்று நானும் முதலில் திகைத்தேன். ஏஎச்பி பாட்டையில் முகவரி ஒரு துடிப்பிலும் எழுதவேண்டிய தரவு அதற்கடுத்த துடிப்பிலும் வருகின்றன. ஏபிபியோ முகவரியையும் தரவையும் ஒன்றாகக் கேட்கிறது. ஆகவே பாலம் தரவு வரும்வரை காத்திருந்துதான் மறுபக்கத்தில் வேலையைத் தொடங்க முடியும். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் காகிதத்தில் அலைவடிவமாக வரைந்து விளங்கிக்கொண்டால், பாட்டை நெறிமுறைகளில் பாதியைக் கடந்துவிட்டீர்கள்.

மூன்றாவதாக, முகவரி D இல் தொடங்கினால் (பதினறும எண்ணின் அந்த ஓர் எழுத்தை மன்னிக்கவும், பதின்மூன்று என்று கொள்க) கட்டளை பின்னலுக்குள் நுழைவதே இல்லை. கருவிலிருந்து முனைகளுக்கு நேராகச் செல்லும் தனி வழி அது; ஒரே துடிப்பில் எல்ஈடி எரியும். முனைகளை விரைவாக ஆட்ட வேண்டியவர்களுக்காக வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே போட்ட குறுக்குப் பாதை.

நினைவகத்தைப் பற்றி இன்னொன்று. அந்த 264 கிலோபைட்டும் ஒரே தொட்டி அல்ல. 64 கிலோபைட் வங்கிகள் நான்கும், 4 கிலோபைட் வங்கிகள் இரண்டும். பெரிய நான்கிலும் அடுத்தடுத்த சொற்கள் மாறி மாறி வைக்கப்படுகின்றன. நம்மூர் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைத்துப் பாருங்கள்: வந்தவர்கள் எல்லோரும் ஒரே கிணற்றைச் சூழ்ந்தால் வரிசை நீளும், ஏழு கிணற்றுக்கும் பரவி நின்றால் எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. இதை அளந்தும் பார்க்கலாம். அதே வங்கிகள் மாற்றி அடுக்கப்படாமல் 21000000 என்னும் முகவரியிலிருந்தும் தெரிகின்றன. பாட்டையில் மோதல்களை எண்ணும் நான்கு எண்ணிகள் சில்லுக்குள்ளேயே உள்ளன. இரு கருக்களையும் ஒரே வங்கியில் மோதவிட்டு எண்ணியைப் படியுங்கள். பிறகு பிரித்துவிட்டுப் படியுங்கள். இச்சில்லைக் கொண்ட பைக்கோ பலகை 4 டொலர் விலையில் அறிமுகமானது; எஃப்பிஜிஏ பலகையைவிட உங்கள் கைக்கு எட்டும்.

ஒரு எச்சரிக்கை. யூஆர்ட்டுக்கு நேராக எழுதினால் முதல்நாள் ஒன்றும் நடக்காது. மின்சாரம் வந்தவுடன் இச்சில்லின் பெரும்பாலான அலகுகள் மீட்டமைப்பு (ரீசெட்) நிலையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும்; அவற்றை விடுவித்து, விடுபட்டுவிட்டனவா என்று பார்த்து, கடிகாரம் கொடுத்து, முனையை அந்த அலகுக்கு ஒதுக்கியபின்தான் எழுதியது பலிக்கும். 12 மெகாஹேர்ட்ஸ் படிகத்திலிருந்து 1500 மெகாஹேர்ட்ஸ் வரை பெருக்கி, 6 ஆலும் 2 ஆலும் வகுத்து 125 மெகாஹேர்ட்ஸ் பெறும் கணக்கையும் அப்போதே கற்பீர்கள். அர்டுயினோ இவற்றையெல்லாம் உங்களுக்காக மறைத்து வைத்திருந்தது.

அலைவடிவம் எழுதியது:

பதிவகம் அவர்கள் எழுதியது நல்ல தொடக்கம். நான் மாணவர்களுக்கு இலக்கமுறை வடிவமைப்புக் கற்பிப்பவள் என்பதால் ஒரு திருத்தமும் ஒரு தொடர்ச்சியும் சேர்க்க விரும்புகிறேன்.

திருத்தம் கன்னியாக் கிணறுகளைப் பற்றியது. கன்னியாவுக்குப் போகிறவர் கூட்டமில்லாத கிணற்றைத் தேடிப் போகலாம். ஒரு முகவரிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எந்த வங்கி என்பதை முகவரியின் இரண்டு இருமங்களே (பிட்டுகளே) முடிவு செய்கின்றன. ஆகவே நிரல் ஒன்று ஒவ்வொரு நான்காவது சொல்லையும் மட்டுமே தொட்டுக்கொண்டு போனால், நான்கு வங்கிகள் இருந்தும் அது ஒரே வங்கியையே மீண்டும் மீண்டும் தட்டும். வங்கிகளைப் பிரித்தது வன்பொருள் வடிவமைப்பாளர். அந்தப் பிரிவினை பயன் தருமா என்பது மென்பொருள் எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. எஸ்ஓசி வடிவமைப்பில் இவ்விரண்டையும் தனித்தனியே சிந்திக்க முடியாமல் போகும் இடங்கள் ஏராளம். இது அவற்றுள் முதலாவதாக வைத்துக்கொள்ளத் தக்கது.

தொடர்ச்சி என்னவென்றால், பிறர் செய்த சில்லைப் பின்தொடர்வதோடு நின்றுவிடக் கூடாது. ஒன்றை நீங்களே கட்ட வேண்டும். அதற்கு எந்தப் பலகையும் தேவையில்லை. ஐகாரஸ் வெரிலாக் அல்லது வெரிலேற்றர் என்னும், சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் இலவச சிமுலேஷன் மென்பொருளும், அலைவடிவங்களைப் பார்க்க ஜிடிகேவேவும் போதும். இவை உங்கள் 8 ஜிபி மடிக்கணினியில் தாராளமாக ஓடும். புராசசருக்கு, பிக்கோஆர்வி32 என்னும் சிறிய ரிஸ்க்-ஃபைவ் கருவைத் தேர்ந்தெடுக்கலாம். முழுக் கருவும், வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதிய ஒரே கோப்பில் அடங்கியிருக்கிறது. அதோடு 4 கிலோபைட் நினைவகம், எழுத்துகளை வெளியிட ஒரு யூஆர்ட், எல்ஈடிக்கு ஒரு பதிவகம் (எழுதிய மதிப்பைப் பிடித்து வைக்கும் சிறு சேமிப்பிடம்) ஆகியவற்றை இணையுங்கள். உங்கள் எஸ்ஓசி அவ்வளவுதான். அதன் முகவரி வரைபடத்தை நீங்கள் எழுதும் நாளில்தான் மற்றவர்களின் வரைபடங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியத் தொடங்கும்.

சி மொழி தெரிந்தவர்கள் வெரிலாக்கில் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. சி மொழியில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி நடக்கிறது. வெரிலாக்கில் நீங்கள் எழுதுவது செயல்களின் வரிசை அல்ல, ஒரு சுற்றின் வருணனை. அங்கே எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. நூறு முறை சுற்றும் மடக்கு ஒன்றை எழுதினால் அது நூறு முறை நடக்காது. நூறு பிரதிகளாகச் சில்லில் இடம் பிடிக்கும். எழுதுமுன் பெட்டியும் கம்பியும் வரைந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் சிக்குவதில்லை. திருத்துநராகப் பலகையின் சுற்றுப்படங்களைப் படித்துப் பழகியவர் என்பதால், இந்தப் பகுதி என் மாணவர்கள் பலரைவிட உங்களுக்கு எளிதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிக்கோஆர்வி32 நினைவகத்தோடு பேசும் முறை மிக எளியது. வேண்டுகோள் இருக்கும்போது கரு "செல்லும்" (செல்லுபடியாகும்) என்னும் கம்பியை உயர்த்தி, முகவரியையும் தரவையும் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எதிர்த்தரப்பு "தயார்" என்னும் கம்பியை உயர்த்தும் துடிப்பில் பரிமாற்றம் முடிகிறது. இரு சிக்கல்கள் உறுதியாக வரும். எஃப்பிஜிஏயில் உள்ள நினைவகத் தொகுதிகளைப் பின்பற்றி நீங்கள் எழுதும் நினைவகம், முகவரியைக் கொடுத்த துடிப்பிலேயே தரவைத் தராது. அடுத்த துடிப்பில்தான் தரும். "தயார்" கம்பியையும் அதற்கேற்ப ஒரு துடிப்புத் தாமதிக்காவிட்டால் கரு பழைய தரவைக் கட்டளை என்று எண்ணி இயக்கிவிடும். மற்றது, எழுதும்போது நான்கு பைட்டுகளில் எவற்றை எழுத வேண்டும் என்பதைச் சொல்லும் நான்கு கம்பிகள். அவற்றைப் புறக்கணிக்காதீர்கள்.

ஆர்மா, ரிஸ்க்-ஃபைவா என்ற கேள்வியைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2010 இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை எவரும் உரிமக் கட்டணமின்றி வன்பொருளாக்கலாம். அதன் 32 இரும அடிப்படைத் தொகுதியில் 40 கட்டளைகளே உள்ளன. கட்டிப் பழக அது. பாட்டை நெறிமுறைகளுக்கு ஆர்மின் பக்கம் போங்கள்: 1996 இல் அந்நிறுவனம் தொடங்கிய அம்பா வரிசையில் 1999 இன் ஏஎச்பியும் 2003 இன் ஏஎக்ஸ்ஐயும் இன்று தொழிற்றுறையின் பொது மொழியாகிவிட்டன, விவரக்குறிப்புகள் இலவசம். ரிஸ்க்-ஃபைவ் கருக்கள் பலவும் அதே ஏஎக்ஸ்ஐயில்தான் பேசுகின்றன. எனவே இது ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்வதல்ல.

நங்கூரம் எழுதியது:

மேலுள்ள இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டவர் கைப்பேசிச் சில்லைப் பற்றிக் கேட்டார். விடைகளோ ஆர்பி2040 போன்ற சிறிய நுண்கட்டுப்படுத்தியோடு நின்றுவிட்டன. ஆர்பி2040 இன் உள்நினைவகத்துக்கு முன்னால் கேஷ் கிடையாது. ஆகவே கைப்பேசிச் சில்லின் மிகப் பெரிய தலைவலியை அது உங்களுக்குக் கற்றுத் தராது.

கைப்பேசியில் வேகமான கருக்கள், சிக்கனமான கருக்கள், வரைகலை அலகு, கமெராவின் படத்தைப் பதப்படுத்தும் அலகு, மோடம் ஆகிய அனைத்தும், நீங்கள் வெப்பக்காற்றால் பிரித்தெடுக்கும் அந்த மேல்மாடி நினைவகத்தையே பகிர்ந்துகொள்கின்றன. நினைவகம் தொலைவில் இருப்பதால் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதன் பிரதியைத் தம்மருகே கேஷில் வைத்துக்கொள்கிறார்கள். கமெரா அலகு புதிய படத்தை நினைவகத்தில் எழுதிவிட்டது. கருவின் கேஷிலோ அதே முகவரியின் பழைய பிரதி கிடக்கிறது. கரு படிக்கும்போது பழையதே கிடைக்கும். இதைத் தவிர்க்க ஒன்று, மென்பொருள் அந்தப் பிரதியைத் தானே அழிக்க வேண்டும்; அல்லது யாரிடம் எந்தப் பிரதி உள்ளது என்று வன்பொருளே விசாரித்துக்கொள்ள வேண்டும். 2011 இல் அம்பா வரிசையில் ஏசிஈ என்னும் நீட்சி வந்தது இந்த இரண்டாவது வழிக்காகவே. கேஷ் என்றால் என்ன, அது எப்படி நிரம்புகிறது, எப்போது எழுதியதை நினைவகத்துக்குத் தள்ளுகிறது என்பதைக் கணினிக் கட்டமைப்புப் பாடமாக முறையாகப் படிக்காமல் இங்கே வந்து சேர முடியாது. "புராசசரை விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரையை அந்த அளவுக்கு நான் ஏற்கவில்லை.

மின்னழுத்தத்தைப் பற்றிய உங்கள் ஆதங்கத்துக்கும் விடை உண்டு. ஓடும் சுற்று செலவிடும் திறன், கடிகார அதிர்வெண்ணுக்கு நேர்விகிதமாகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் உயர்கிறது. அதிர்வெண்ணை மாற்றாமல் 1.0 வோல்ட்டை 0.7 ஆகக் குறைத்தால் செலவு பாதியாகிவிடும். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் படலைகள் மெதுவாகின்றன. ஆகவே உண்மையில் இரண்டையும் சேர்த்தே குறைக்கிறார்கள். கருக்களுக்கு ஒரு மின்வழங்கல், நினைவகத்துக்கு ஒன்று, வெளி முனைகளுக்கு ஒன்று என்று பலகையில் நீங்கள் அளக்கும் அத்தனை தனி வழங்கல்களும், ஒன்றை ஏற்றி இறக்கும்போது மற்றதைக் குலைக்காமலிருக்கவும், தேவையில்லாததை முழுதாக அணைக்கவும் பிரிக்கப்பட்டவை. ஆர்பி2040 இலும் இதன் சிறு வடிவம் உண்டு: உட்சுற்றுக்கு 1.1 வோல்ட், முனைகளுக்கு 1.8 முதல் 3.3 வோல்ட் வரை.

1985 இல் முதல் ஆர்ம் சில்லைச் சோதித்தபோது நடந்ததாக அதன் வடிவமைப்பாளர்கள் சொன்ன நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. மின்னோட்டமானி சுழியைக் காட்டியது, சில்லோ ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் வழங்கல் இணைக்கப்படவே இல்லை. மற்ற முனைகள் வழியாகக் கசிந்த மின்னோட்டத்திலேயே அந்த 25,000 திரான்சிற்றர்களும் வேலை செய்துகொண்டிருந்தன. திருத்துநர்கள் இதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அணைந்திருக்க வேண்டிய பகுதி வேறு முனை வழியாக அரைகுறையாக உயிர்பெற்று நிற்கும் கோளாறை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இரட்டைத்துடிப்பு எழுதியது:

நான் வெளிநாட்டில் சில்லுச் சரிபார்ப்பு வேலை செய்பவன்; சொந்த ஊர் மூதூர். மேலே எவரும் தொடாத ஒரு பகுதியை, என் சொந்தத் தவறொன்றின் மூலமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையிடத்தில், வெவ்வேறு கடிகாரங்களில் ஓடும் இரு பகுதிகளுக்கு இடையே ஒரு தரவு வரிசையை எழுதினேன். ஒரு பகுதி எழுதும், மற்றது படிக்கும். எவ்வளவு எழுதப்பட்டுள்ளது என்னும் எண்ணைப் படிக்கும் பக்கத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வேறு கடிகாரத்திலிருந்து வரும் சமிக்ஞையை நேராகப் பிடித்தால், அது மாறிக்கொண்டிருக்கும் கணத்திலேயே ஃபிளிப்-ஃபிளாப் அதைப் பிடித்து, 0 உம் இல்லாமல் 1 உம் இல்லாமல் சிறிது நேரம் தத்தளிக்கும் என்பதை அறிவேன். அதற்காக இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களை அடுத்தடுத்து வைப்பது வழக்கம். முதலாவது தத்தளித்தாலும் இரண்டாவது பிடிப்பதற்குள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் அந்த எண்ணின் ஒவ்வொரு இருமத்துக்கும் இப்படி இரண்டு வைத்தேன். சிமுலேஷன் எல்லாச் சோதனைகளிலும் தேறியது. பலகையில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தரவு சிதைந்தது.

காரணம் எளியது, கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. எண் 7 இலிருந்து 8 ஆகும்போது, 0111 என்பது 1000 ஆகிறது. நான்கு இருமங்களும் ஒருங்கே மாறுகின்றன. ஒவ்வொரு இருமமும் தனித்தனியே தன் இரட்டைக் காவலைக் கடப்பதால், ஒன்று ஒரு துடிப்பு முந்தியும் மற்றொன்று பிந்தியும் வரலாம். அந்த இடைவெளியில் படிப்பவருக்கு 7 உம் இல்லாத, 8 உம் இல்லாத, எவரும் எழுதாத ஓர் எண் தெரியும். விடை, அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரேயொரு இருமம் மட்டும் மாறும் கிரே குறியீட்டில் எண்ணை மாற்றி அனுப்புவது. அப்போது ஒரு இருமம் பிந்தினாலும் தெரிவது பழைய எண்ணாகவோ புதிய எண்ணாகவோதான் இருக்கும். மூன்றாவது ஒன்றாக இருக்க முடியாது.

சாதாரண சிமுலேஷனில் சுழியும் ஒன்றும் கூர்மையாக மாறுகின்றன. தத்தளிப்பு என்பதே அங்கில்லை. ஆகவே அலைவடிவம் அவர்கள் சொன்ன கருவிகளில் இந்த வகைப் பிழையை உங்களால் காண முடியாது. இரண்டு கடிகாரங்கள் சந்திக்கும் ஒவ்வொரு கம்பிக்கும், அதைக் கடத்தும் முறை என்ன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் எஸ்ஓசியில் ஒரே கடிகாரத்தோடு நில்லுங்கள்.

பற்றாசு எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கடை பூட்டியபின் கிடைக்கும் நேரத்தில், ஆறு வாரங்களாக அலைவடிவம் அக்கா சொன்ன வழியில் கட்டி வருகிறேன். பதிவகம் அண்ணாவின் பாலக் கணக்கை வரைந்து பார்த்தேன். மூன்றாம் தாளில்தான் சரியாக வந்தது. அதைத் தகரப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பைட் கம்பிகளைப் புறக்கணிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆறு எழுத்துள்ள ஒரு சொல்லை ஒவ்வொரு பைட்டாக நினைவகத்தில் நகலெடுத்து யூஆர்ட்டில் வெளியிட்டபோது, அதன் நான்காம் எழுத்து மட்டும் நான்கு முறை வந்து நின்றுவிட்டது. ஒரு மாலை முழுவதும் யூஆர்ட்டையே சந்தேகித்தேன். பிறகுதான் கருவின் கோப்பில், ஒரு பைட்டை எழுதும்போது அதை நான்கு இடங்களிலும் பிரதியெடுத்துக் கம்பிகளில் வைப்பதைக் கண்டேன். எந்த இடம் உண்மையானது என்பதை அந்த நான்கு கம்பிகளே சொல்கின்றன. நான் அவற்றைப் பாராததால் நான்காம் எழுத்து முந்திய மூன்றையும் மூடியது. சொல்லின் இறுதியில் வரும் சுழி, ஐந்தாம் ஆறாம் எழுத்துகளையும் துடைத்துவிட்டது. இப்போது சரியாகிவிட்டது.

இன்னொன்று மட்டும் பிடிபடவில்லை. சிறிய டிஎம்ஏ ஒன்றை எழுதி, கருவும் அதுவும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதற்கு நடுவில் ஒரு நடுவரை வைத்தேன். சிமுலேஷன் தொடங்கிய உடனேயே உறைந்துவிடுகிறது. கருவின் "செல்லும்" கம்பி உயர்ந்தே நிற்கிறது. நினைவகத்தின் "தயார்" கம்பி ஒருபோதும் உயர்வதில்லை. நினைவகம் வேலையாக இருக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணி, அதன் "தயார்" உயர்ந்திருந்தால் மட்டுமே வேண்டுகோளை உள்ளே விடும்படி நடுவரை எழுதியிருக்கிறேன். நினைவகத்தில் நான் எதையும் மாற்றவில்லை.

அலைவடிவம் எழுதியது:

உங்கள் நடுவரின் மரியாதைதான் பிழை. உங்கள் நினைவகம், வேண்டுகோள் வந்தபின் ஒரு துடிப்புக் கழித்தே "தயார்" என்கிறது; நடுவரோ "தயார்" வந்தபின்தான் வேண்டுகோளை விடுவேன் என்கிறார். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, வாசலில் இருவரும் நின்றுவிட்டார்கள். ஏஎக்ஸ்ஐ விவரக்குறிப்பில் இதற்கு நேரான விதி உண்டு: அனுப்புபவர் "செல்லும்" கம்பியை உயர்த்துவதற்கு எதிர்த்தரப்பின் "தயார்" கம்பிக்காகக் காத்திருக்கக் கூடாது, பெறுபவர் மட்டும் வேண்டுமானால் "செல்லும்" வரும்வரை காத்திருந்து "தயார்" சொல்லலாம். காத்திருக்கும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருப்பது இந்த உறைவைத் தடுப்பதற்காகத்தான். நடுவரிலுள்ள அந்த நிபந்தனையை நீக்கிவிடுங்கள்.

நீக்கியவுடன் சிமுலேஷன் ஓடும். ஆனால் அடுத்த சிக்கல் அதன் பின்னாலேயே நிற்கிறது. ஒருவருக்கு வழிவிட்டபின், அவருடைய பரிமாற்றம் "தயார்" கம்பியோடு முடியும்வரை நடுவர் மற்றவருக்கு மாறக் கூடாது. இப்போதுள்ள உங்கள் விவரணையின்படி அவர் ஒவ்வொரு துடிப்பிலும் புதிதாக முடிவெடுப்பவராக இருக்கலாம். யாருக்கு வழி கொடுக்கப்பட்டது என்பதை ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் பூட்டி வைத்து, "தயார்" வந்த துடிப்பில் மட்டும் திறந்துவிடுங்கள். பூட்டுவதற்கு முன், டிஎம்ஏ கேட்ட சொல்லுக்குப் பதிலாகக் கருவின் கட்டளை ஒன்று அதன் கையில் போய்ச் சேருகிறதா என்று அலைவடிவத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டே பூட்டுங்கள். அந்தத் துடிப்பைக் கண்டுபிடித்தால் படத்தை இங்கே இடுங்கள்.